விசில் ஊதினா நடுவரைச் சுத்தி வளைக்கிற பையன்மார்: கோச் என்ன செய்யணும்?

குழித்துறை_கோச்:
களியக்காவிளை பக்கம், 14 வயசுக்கு உட்பட்ட ஃபுட்பால் டீம், 18 பையன்மார். ஆட்டம் மோசமில்ல. விசில் ஊதின பிறகுதான் பிரச்சினை. பவுல் கொடுத்தா நாலஞ்சு பேர் ரெஃபரிகிட்ட ஓடுறானுவ. பெனால்டி பாக்ஸுக்குள்ள தொட்டாலே விழுறானுவ. தோத்தா கை கொடுக்காம போறானுவ. எல்லை தாண்டி கேரளாவுல பாறசாலை, நெய்யாற்றின்கரைன்னு செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆட்டம்) ஆடப் போனா லைன்ல நிக்கிற அப்பாமார் சத்தம் வேற. பத்து ரவுண்டு ஓட விட்டாச்சு, உபதேசமும் பண்ணியாச்சு. பயிற்சியில வச்சே சரிபண்ண வழி உண்டா?

லைன்_நடுவர்:
ஓட விடுறத முதல்ல நிறுத்துங்க சாரே. ஓட்டமே தண்டனை ஆயிட்டா, ஃபிட்னஸ் அன்னைக்குப் பாதிப் பேருக்கு வயித்துவலி வரும். தவிர, வாய் விட்டதோட நட்டம் டீமுக்கு வரணும், அவன் காலுக்கு இல்ல.

வாரத்துல ஒரு நாள் 20 நிமிஷ ஆட்டம் வையுங்க, விசில் உங்க கையில. வேணும்னே ரெண்டு தடவை தப்பா ஊதுங்க. நல்ல டேக்கிளுக்கு பவுல் கொடுங்க, த்ரோவை மாத்திக் கொடுங்க. (இப்படிச் செய்வேன்னு முன்னாடியே சொல்லிருங்க, இல்லன்னா கோச்சுக்கு ரூல் தெரியாதுன்னு ஊரெல்லாம் பேச்சாகும்.) வாய் திறக்கிறவன், கையை விரிக்கிறவன் 3 நிமிஷம் வெளிய. மாற்று ஆள் கிடையாது. இளையோர் ஆட்டத்துக்குச் சர்வதேச விதியில அனுமதிச்ச தற்காலிக வெளியேற்றமும் இதே கணக்குதான்: மொத்த நேரத்துல 10 முதல் 15 சதவீதம்.

கேப்டன் மட்டும் கேட்கலாம், ஒரு தடவை. மத்தவனுக்கு வேலை கொடுங்க. விசில் கேட்டதும் பக்கத்துல உள்ளவன் பந்தைப் பார்த்து நிக்கணும், மீதிப் பேர் ஆளுக்கொருத்தனைப் பிடிக்கணும். பேசாதேன்னு மட்டும் சொன்னா ஒருத்தனும் கேட்கமாட்டான்.

இது எங்க கெடும்னா, நல்ல ஸ்டிரைக்கர் வாய் விடுறப்போ கோச்சுக்குக் காது கேட்காமப் போகும். ஒரே தடவை போதும், மீதி 17 பேரும் கணக்கு போட்டுருவானுவ.

எல்லை_மாஷ்:
பாதிக் கோபம் சட்டம் தெரியாததால வருது. 2023 மார்ச் 3, ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) பிளேஆஃப், பெங்களூரு - கேரளா பிளாஸ்டர்ஸ். கூடுதல் நேரத்துல, கேரளா ஆட்கள் சுவர் (பந்தை மறிக்க வரிசையா நிக்கிறது) கட்டி முடிக்கிறதுக்குள்ள பெங்களூருவோட சேத்ரி ஃப்ரீகிக்கை அடிச்சார், கோல். கேரளா கோச் வுகோமனோவிச் டீமை வெளிய கூட்டிட்டுப் போயிட்டார். கிளப்புக்கு 4 கோடி ரூபாய் அபராதம், கோச்சுக்கு 10 ஆட்டத் தடையும் 5 லட்சமும். ரெஃபரி செஞ்சது சரியான்னு இன்னும் சண்டை நடக்குது, அதை விடுங்க. பையன்மாருக்குத் தெரிய வேண்டியது இதுதான்: ரெஃபரி விசிலுக்குக் காத்திருக்கச் சொல்லாத வரை, அடிக்கிறவன் உடனே அடிக்கலாம். அதனால கோலி (கோல்கீப்பர்) சுவரை நிறுத்துறப்போ ஒருத்தன் பந்தை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. அதுக்காக வேணும்னே பந்து முன்னாடி போய் நின்னு தடுத்தா மஞ்சள் அட்டை. சனிக்கிழமைக்கு ஒரு விதி, 10 நிமிஷம், மைதானத்துல வச்சே காட்டுங்க.

விழுறதுக்கு: 10 × 8 மீட்டர் கட்டம், ஒருத்தனுக்கு ஒருத்தன், தோள் மோதலாம். இடி வாங்கியும் நின்னு கோல் போட்டா 2 பாயிண்ட். விழுந்து கையைத் தூக்கினா பந்து எதிராளிக்கு. நிறையப் பேர் நடிக்கல, முழங்காலை மடக்காம நிமிர்ந்து ஓடுறதால தாங்க முடியல. நிஜமா அடி வாங்கி விழுந்தவனைத் திட்டிராதீங்க.

செவன்ஸ்_பிராந்தன்:
எல்லாரும் பையன்மாரையே சொல்லுதீங்க. 15 முடிஞ்சவனை 13னு பேப்பர் காட்டி இறக்குற கோச் எத்தனை பேர்? அந்தப் பையனுக்குத் தெரியும், வேன்ல உள்ள மொத்தப் பேருக்கும் தெரியும். அப்புறம் ரெஃபரியை ஏமாத்தாதேன்னா எப்படி ஏறும்? நம்ம எல்லையில இது இன்னும் எளுப்பம். இந்தப் பக்கம் ஸ்கூல் டீம், அந்தப் பக்கம் வேற பேருல கெஸ்ட் ஆட்டக்காரன். சேர்க்கிற அன்னைக்கே பிறப்புச் சான்றிதழ் அசலையும் ஸ்கூல் ரெக்கார்டையும் ஒத்துப் பாருங்க. இடது மணிக்கட்டு எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயசு பார்க்கிற டிடபிள்யூ3 சோதனை வரைக்கும் போக விடாதீங்க. மாட்டுறது பையன், தப்பிக்கிறது நாம.

குழித்துறை_கோச்:
சான்றிதழ் விஷயம் சுரீர்னு பட்டுது. அப்பாமாரை என்ன செய்ய? எதிரணிப் பையன் அடிபட்டுக் கிடந்தா பந்தை வெளிய அடிக்கச் சொல்லணுமா?

லைன்_நடுவர்:
பெஞ்சுக்கு எதிர்ப்பக்கம், டச்லைனுக்கு 3 மீட்டர் தள்ளிக் கயிறு கட்டி அப்பாமாரை அங்க நிறுத்துங்க. புகார் மறுநாள்தான். நீங்களும் பெஞ்சுல அடக்கமா இருங்க. 2019 முதல் கோச்சுக்கும் அட்டை உண்டு. பெஞ்சுல யார் கத்தினான்னு தெரியலன்னா அட்டை மூத்த கோச்சுக்கு.

அடிபட்டவன் விஷயம்: விசில் வர்ற வரை ஆடலாம், தலையில அடின்னா உடனே ரெஃபரியைக் கூப்பிடணும். நம்ம ஆளுக்காக அவங்க வெளிய அடிச்சா த்ரோ அவங்க கோலிக்குப் போகணும். 2019 ஏப்ரல் 28, இங்கிலாந்துல லீட்ஸ் - ஆஸ்டன் வில்லா ஆட்டம். வில்லா ஆள் கிடக்கிறப்போ லீட்ஸ் கோல் போட்டுது. பதிலுக்கு ஒரு கோல் விட்டுக் கொடுங்கன்னு லீட்ஸ் கோச் பியெல்சா சொன்னார். ஆட்டம் 1-1. அப்பவும் லீட்ஸ் தடுப்பாட்டக்காரர் யான்சன் குறுக்க ஓடினார். அதனால விட்டுக் கொடுக்கணும்னா எல்லாருக்கும் கேக்குற மாதிரி ஒரே ஒரு சொல்லை முன்கூட்டியே பேசி வையுங்க, பயிற்சியில ரெண்டு தடவை கத்திப் பாருங்க.

கை கொடுக்க வைக்க: கடைசி விசில் ஊதினதும் தண்ணி பாட்டில் கூடையை நடு வட்டத்துல கொண்டு வச்சிருங்க. நீங்க முதல்ல ரெஃபரிகிட்டயும் எதிரணிக் கோச்கிட்டயும் போங்க. பாட்டில் அங்க இருந்தா பையன்மார் நேரா வேனுக்குப் போகமாட்டானுவ.