11 வருடம் ஆகியும் "அடுத்த வருடம் பார்க்கலாம்" என்கிறோம். இங்கேயே இருந்துவிடுவதா?

நடுவழி:

வணக்கம். எந்த நாட்டில் இருக்கிறேன் என்பதை வேண்டுமென்றே சொல்லவில்லை. சொன்னால் பேச்சு அந்த நாடு நல்லதா கெட்டதா என்று போய்விடும். என் கேள்வி வேறு.

இரண்டு வருடம் என்று சொல்லித்தான் வந்தோம். 11 வருடம் ஆகிவிட்டது. மகளுக்கு 9 வயது, இங்கேயே பிறந்தவள். எங்கள் வசிப்பு அனுமதி மார்ச்சில் முடிகிறது. இந்த முறை புதுப்பித்தலோடு நிற்க வேண்டியதில்லை, குடியுரிமைக்கே விண்ணப்பிக்கலாம். ஆனால் அதற்குப் பழைய பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து படிவத்தை நிரப்பினேன். பெயர், பிறந்த தேதி, வரி எண் எல்லாம் மளமளவென்று முடிந்தன. ஏழாம் பக்கத்தில் ஒரு கேள்வி: இந்த நாட்டில் தொடர்ந்து வாழும் எண்ணம் உண்டா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். பேனா அங்கேயே நின்றுவிட்டது. மூன்று வாரமாகப் படிவம் மேசையில் கிடக்கிறது.

ஏன் தயங்குகிறேன் என்றால், கொஞ்ச வருடமாக இங்கே பேச்சு மாறிவிட்டது. தேர்தல் என்றாலே எங்களைப் போன்றவர்களைப் பற்றித்தான். போன மாதம் பேருந்தில் மகளோடு தமிழில் பேசிக்கொண்டு வந்தேன். முன் இருக்கையில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் மகள் சட்டென்று குரலைத் தாழ்த்திக்கொண்டாள். நான் அவளுக்கு அதைச் சொல்லித் தரவில்லை. எங்கே கற்றுக்கொண்டாள் என்று நினைத்து அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

அப்புறம் அப்பா. 74 வயது, தனியாக இருக்கிறார். வீடியோவில் பேசும்போது நெற்றி மட்டும்தான் தெரியும், போனை அப்படித்தான் பிடிப்பார். போன வாரம் போன் கை நழுவியதில் ஒரு நொடி அறை முழுக்கத் தெரிந்தது. அம்மாவின் நாற்காலி மேல் செய்தித்தாள்கள் இடுப்பளவு குவிந்திருந்தன. ஒரு தாள் இடம் மாறினாலும் கோபப்படுகிற மனிதர் அவர்.

இந்தப் பக்கமும் சும்மா இல்லை. எனக்குப் பிடித்த வேலை இருக்கிறது. இரவு 11 மணிக்கு ரயிலை விட்டு இறங்கித் தனியாகப் பயமில்லாமல் நடந்து வருகிறேன். கீழ்வீட்டு அம்மாளிடம் எங்கள் சாவி இருக்கிறது. எனக்கு ஆபரேஷன் ஆனபோது 12 நாள் என் மகளைக் கைபிடித்துப் பள்ளிக்கு அழைத்துப் போனவர் அவர்தான்.

கணவர், "இப்போதைக்குப் புதுப்பித்துவிடலாம், அடுத்த வருடம் யோசிப்போம்" என்கிறார். இதே வாக்கியத்தை எட்டு வருடமாகக் கேட்கிறேன். இதே இடத்தில் நின்றவர்கள் எப்படி முடிவு செய்தீர்கள்? மனம் சொல்வதைக் கேள் என்று மட்டும் சொல்லாதீர்கள். அது காலையில் ஒன்று சொல்கிறது, இரவில் ஒன்று சொல்கிறது.

போய்வந்தவன்:

சகோதரி, நான் 14 வருடம் வெளியே இருந்துவிட்டு மொத்தமாக மூட்டை கட்டித் திரும்பியவன். மூன்றே வருடத்தில் மறுபடி வெளியே வந்துவிட்டேன். இக்கரைக்கு அக்கரை பச்சை என்பதை இரண்டு பக்கமும் நின்று பார்த்தாயிற்று.

புது நாட்டில் முதலில் உற்சாகம், பிறகு சோர்வு, பிறகு மெல்லப் பழக்கம் என்பதை எல்லோரும் சொல்வார்கள். நார்வேக்காரரான லைஸ்கார்ட் என்ற சமூகவியலாளர், அமெரிக்காவில் படித்துவிட்டு வந்த தன் நாட்டவரை வைத்து 1955-லேயே இதை எழுதினார். ஆறு மாதத்துக்கு மேல், ஒன்றரை வருடத்துக்குள் இருந்தவர்கள்தான் அதிகம் தடுமாறியிருந்தார்கள். 1963-ல் கல்லஹார்ன் என்ற தம்பதியர், சொந்த நாட்டுக்குத் திரும்பும்போதும் அதே சோர்வுப் பள்ளம் இன்னொரு முறை வருகிறது என்றார்கள். இந்த இரண்டாவது பள்ளத்தை யாரும் எனக்குச் சொல்லவில்லை. இங்கே வரும்போது எல்லாம் புதிது என்று தெரிந்தே வருகிறோம், மனம் தயாராக இருக்கிறது. திரும்பும்போது நம் இடத்துக்குத்தானே போகிறோம் என்று எந்தத் தயாரிப்பும் இல்லாமல் போகிறோம்.

போன முதல் மாதம் பழைய நண்பர்கள் ஆறு பேர் வந்தார்கள். நாலாவது மாதம் ஒருவரும் இல்லை. அவர்கள் மேல் தப்பில்லை. 14 வருடத்தில் நான் இருந்த இடத்தை வேறு வேலைகளும் வேறு மனிதர்களும் நிரப்பியிருந்தார்கள். நான் போய்ச் சேர நினைத்தது நான் கிளம்பிய வருடத்துக்கு. அந்த வருடம் அங்கே இல்லை.

அதனால் ஒன்று செய்யுங்கள். விடுமுறைக்குப் போகிற மாதிரி போகாமல், மூன்று மாதம் அங்கே குடியிருந்து பாருங்கள். உறவினர்கள் விருந்தாளியாகப் பார்ப்பதை நிறுத்த ஆறு வாரமாவது ஆகும். அரசு அலுவலகத்தில் ஒரு வேலையை நீங்களே வரிசையில் நின்று முடியுங்கள். அப்பாவை மருத்துவரிடம் நீங்களே அழைத்துப் போங்கள். மகள் அங்கே ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையை எப்படிக் கழிக்கிறாள் என்று பாருங்கள். எனக்கு மூன்று வருடம் பிடித்த பாடம் உங்களுக்கு மூன்று மாதத்தில் கிடைக்கலாம்.

கணக்குப்பிள்ளை:

உணர்ச்சியை மற்றவர்கள் பேசட்டும், நான் காகிதத்தைப் பேசுகிறேன். இந்த வேலையில்தான் இருக்கிறேன்.

நீங்கள் மூன்று விஷயங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறீர்கள்: இப்போது எங்கே வசிப்பது, நாளை திரும்பி வரும் உரிமை, எந்த பாஸ்போர்ட். மூன்றையும் ஒரே நாளில் முடிவு செய்ய வேண்டியதில்லை.

நிரந்தர வசிப்பு என்ற பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், போய்விட்டால் அது காலாவதியாகும். அமெரிக்காவில் முன் அனுமதி வாங்காமல் ஒரு வருடத்துக்கு மேல் வெளியே இருந்தால் சிக்கல். கனடாவில் 5 வருடத்தில் 730 நாள் அங்கே இருந்திருக்க வேண்டும். பிரிட்டனில் காலவரம்பற்ற அனுமதி 2 வருடம் வெளியே இருந்தால் போய்விடும். குடியுரிமைக்கு இந்தக் கெடு கிடையாது. ஆகவே திரும்பிப் போவதையும் யோசிக்கிறவர்களுக்குத்தான் குடியுரிமை அதிகம் உதவும். பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள்.

பழைய பாஸ்போர்ட்டை விடுவது உங்கள் இரு நாட்டுச் சட்டத்தையும் பொறுத்தது. ஜெர்மனி 2024 ஜூன் 27 முதல் இரட்டைக் குடியுரிமையை ஏற்கிறது. இந்தியா, சீனா, ஜப்பான், சிங்கப்பூர் ஏற்பதில்லை. வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா ஓசிஐ அட்டை தருகிறது. அதை வைத்து அங்கே வாழலாம், வேலை செய்யலாம், ஆனால் ஓட்டுப் போட முடியாது, விவசாய நிலம் வாங்க முடியாது.

ஓய்வூதியம் கிடைக்கக் குறைந்தது எத்தனை வருடம் வேண்டும் என்பதையும் பாருங்கள். அமெரிக்காவில் 40 புள்ளிகள், அதாவது சுமார் 10 வருட வேலை. பிரிட்டனில் 10 வருடம், ஜெர்மனியில் 5 வருடம். உங்கள் நாட்டில் எவ்வளவோ, அந்தக் கோட்டுக்குச் சில மாதம் முன்னால் கிளம்பி வருந்தியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாம் தலைமுறை:

அக்கா, நான் உங்கள் மகளின் இடத்திலிருந்து எழுதுகிறேன். இப்போது எனக்கு 34 வயது.

எங்கள் வீட்டில் சுவரில் ஒரு ஆணி கூட இருந்ததில்லை. அடுத்த வருடம் கிளம்பிவிடுவோம், எதற்கு ஓட்டை போடுவது என்பார் அப்பா. படங்கள் எல்லாம் தரையில் சுவரோரமாகச் சாய்ந்து நிற்கும். நான் வயலின் கேட்டபோது, போகும்போது அதையும் தூக்கிக்கொண்டு போகவேண்டும் என்றார்கள். பூனை கேட்டபோதும் அதே பதில். அலமாரிக்கு மேலே ஒரு அட்டைப்பெட்டி இருக்கும், பழுப்பு டேப் ஒட்டியது, அம்மாவின் கையெழுத்தில் "நல்ல பாத்திரம், உடைக்காதே" என்று எழுதியது. என் சிறுவயது முழுக்க அந்தப் பெட்டி திறக்கப்படவே இல்லை.

பள்ளியில் ஒரு தோழி கிடைத்தால் நான் கொஞ்சம் தள்ளியே நிற்பேன். எப்படியும் போகப் போகிறோமே என்று. அப்படி யாரும் என்னிடம் சொல்லவில்லை, வீட்டிலிருந்து அதைத்தான் எடுத்துக்கொண்டேன். உங்கள் மகள் பேருந்தில் குரல் தாழ்த்தியதைப் படித்ததும் எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. அது பேருந்தில் மட்டும் வந்திருக்காது. வீட்டில் பெரியவர்கள் தாழ்ந்த குரலில் பேசுவதைக் கேட்டும் வந்திருக்கும்.

அப்பா அதே வாடகை வீட்டில்தான் இறந்தார், 26-வது வருடத்தில். வீட்டைக் காலி செய்யும்போது அந்தப் பெட்டியை நான்தான் இறக்கினேன். டேப் காய்ந்து உதிர்ந்திருந்தது. உள்ளே ஆறு தட்டு, அவற்றைச் சுற்றியிருந்த செய்தித்தாளில் நான் பிறப்பதற்கு முந்தைய தேதி.

போனாலும் எனக்குச் சரியாக இருந்திருக்கும், இருந்தாலும் சரியாக இருந்திருக்கும். இரண்டுமில்லாமல் வளர்ந்ததுதான் கஷ்டம். நாளை போவதாக இருந்தாலும் இன்று ஆணி அடியுங்கள் அக்கா.

கிளம்பியவள்:

நாங்கள் ஒன்பதாவது வருடம் கிளம்பினோம். வருத்தமில்லை. ஒரு நோட்டில் மூன்று மாதம் இரண்டு பத்தியாக எழுதினேன்: செய்தியில் பார்த்துப் பயந்தது ஒரு பக்கம், எனக்கோ பிள்ளைகளுக்கோ நேரில் நடந்தது மறுபக்கம். முதல் பக்கம்தான் நிரம்பும் என்று நினைத்தேன். எங்கள் விஷயத்தில் இரண்டாவது பக்கம் நிரம்பியது. பள்ளியில், வீட்டு வாசலில், வேலையில். அதைப் பார்த்த பிறகு முடிவு செய்வது சிரமமாக இல்லை. உங்களுக்கு வேறு மாதிரி வரலாம், எழுதிப் பாருங்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன். தொலைவிலிருந்து பார்த்துக்கொள்ளலாம் என்று யார் சொன்னாலும், என் அம்மாவின் கடைசி இரண்டு வருடம் நான் பக்கத்தில் இருந்தேன். அதற்கு ஈடாக எதையும் என்னால் சொல்ல முடியாது.

நடுவழி:

எல்லோருக்கும் நன்றி. தம்பியா தங்கையா தெரியவில்லை, இரண்டாம் தலைமுறை எழுதியதைக் கணவருக்குப் படித்துக் காட்டினேன். பாதியில் எழுந்து போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து வந்து, "நம் வீட்டிலும் ஆணி இல்லை" என்றார். உண்மைதான். அம்மாவின் படம் நான்கு வருடமாகப் புத்தக அடுக்கில் சாய்ந்துதான் நிற்கிறது.

நோட்டில் 16 நாள் எழுதியிருக்கிறேன். செய்திப் பக்கத்தில் 20 வரிக்கு மேல் வந்துவிட்டது. நேரில் நடந்தது இரண்டு. அந்த இரண்டும் சின்ன விஷயமில்லை, ஆனால் இரண்டுதான்.

அப்பாவிடம் முதல்முறையாக நேராகக் கேட்டேன், நான் வந்துவிடட்டுமா என்று. இத்தனை வருடம் கேட்காமலே அவருக்காகப் பதிலையும் நானே வைத்துக்கொண்டிருந்தேன். ரொம்ப நேரம் நெற்றி மட்டும் தெரிந்தது. "நீ வந்தால் சந்தோஷம்தான். ஆனால் எனக்காக மட்டும் வராதே. எனக்கப்புறம் உனக்கு அங்கே என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு வா" என்றார். பிறகு செய்தித்தாள்களைப் பற்றிக் கேட்டேன். கண் சரியாகத் தெரியவில்லையாம், பிறகு படிக்கலாம் என்று சேர்த்து வைத்திருக்கிறார். எங்களிடம் சொல்லவே இல்லை. என் சித்தி மகன் வியாழக்கிழமை கண் மருத்துவரிடம் அழைத்துப் போகிறான்.

மார்ச்சில் அனுமதியைப் புதுப்பிக்கிறோம். குடியுரிமைப் படிவம் அப்படியே இருக்கட்டும். பள்ளி விடுமுறையோடு சேர்த்து நானும் மகளும் மூன்று மாதம் அப்பாவோடு இருக்கப் போகிறோம், கணவர் கடைசி மாதம் வருவார். செப்டம்பரில் அந்தக் கட்டத்தில் ஏதாவது ஒன்றில் குறி போடுவேன், இதற்கு மேல் தள்ள மாட்டேன் என்று இருவரும் பேசிக்கொண்டோம். கணக்குப்பிள்ளை சார், மூன்று மாதம் வெளியே போனால் பிறகு விண்ணப்பிக்கும்போது கணக்கில் இடிக்குமா?

கணக்குப்பிள்ளை:

நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் ஆறு மாதத்துக்குள் என்றால் பொதுவாகப் பிரச்சினை இல்லை. பிரிட்டனில் விண்ணப்பத்துக்கு முந்தைய 12 மாதத்தில் 90 நாள்வரைதான் வெளியே இருக்கலாம், 5 வருடத்தில் 450 நாள்வரை. உங்கள் நாட்டு விதியைப் பார்க்கும்வரை டிக்கெட்டை 85 நாளுக்குள் போடுங்கள். புதுப்பித்த அட்டை கைக்கு வராமல் விமானம் ஏறாதீர்கள். போன தேதி, வந்த தேதி இரண்டையும் இன்றே ஒரு தாளில் எழுத ஆரம்பியுங்கள், கடந்த 5 வருடப் பயணங்களையும் சேர்த்து. படிவத்தில் கண்டிப்பாகக் கேட்பார்கள்.