அறுவை சிகிச்சைக்குப் பின் வாந்தி: உங்கள் அனுபவம் என்ன?

கயல்விழி
லேப்ராஸ்கோப்பி முறையில் பித்தப்பையை எடுத்த அன்று, வாந்தி வரும் ஒவ்வொரு முறையும் தையல் பிய்ந்துவிடுமோ என்று அஞ்சி, வயிற்றை இரு கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். மலைப்பாதைப் பேருந்தில் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே பயணம் செய்பவள் நான். அதை மயக்க மருத்துவரிடம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை, அவரும் கேட்கவில்லை. மூன்று ஆண்டுகள் கழித்துக் காதில் அறுவை செய்தபோது, வேறொரு மருத்துவர் முதலில் கேட்டதே அதைத்தான். வாந்தியைத் தடுக்க, மயக்கம் கொடுத்ததும் டெக்ஸாமெத்தசோன், முடிக்கும் தறுவாயில் ஓண்டான்செட்ரான் என இரண்டு ஊசிகள் போட்டார்கள். அன்று மாலையே இட்லி சாப்பிட்டேன்.

செந்தில்
அந்த இரண்டு ஊசிகளும் போட்டால் வாந்தி வராது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. தைராய்டு அறுவைக்குப் பின் என் அம்மாவுக்கும் அவற்றையே போட்டிருந்தார்கள். இருந்தும் இரவு முழுவதும் தட்டை ஏந்திக்கொண்டு நான்தான் அருகில் நின்றேன். இரண்டு மணி நேரத்தில் அதே ஓண்டான்செட்ரானை மறுபடியும் போட்டார்கள், பயனில்லை.

ஓய்வுபெற்ற செவிலி
செந்தில், வரவே வராது என்று கயல்விழி எழுதவில்லை. பெண்ணாக இருத்தல், புகைப்பழக்கம் இல்லாமை, பயண வாந்தியோ முந்தைய அறுவையில் வாந்தியோ இருந்தமை, பின்னர் மார்ஃபின் வகை வலிமருந்து தேவைப்படுதல் ஆகிய நான்கையும் வைத்தே ஆபத்தைக் கணிக்கிறார்கள். ஒன்றும் இல்லாதவருக்குச் சுமார் 10 சதவீதம்; நான்கும் இருந்தால் 80 வரை போகும். 2004இல் வெளியான ஒரு பெரிய ஆய்வின்படி, ஒவ்வொரு மருந்தும் எஞ்சியுள்ள ஆபத்தில் ஏறக்குறைய கால் பங்கைத்தான் குறைக்கிறது. ஆகவே 80 என்பது ஒரு மருந்தால் 60 ஆகும், இரண்டாவதால் 45 ஆகும், அவ்வளவுதான். அத்தகையவருக்கு மூன்றாவது மருந்தையோ, மயக்க வாயுவுக்குப் பதிலாக சிரைவழி செலுத்தும் புரோப்போஃபால் என்ற மயக்க மருந்தையோ சேர்ப்பார்கள். தடுப்புக்குக் கொடுத்த மருந்தையே ஆறு மணி நேரத்துக்குள் மறுபடி கொடுப்பதால் பெரிய பலன் இல்லை. வேறு வகை மருந்தைத்தான் கொடுக்க வேண்டும். அம்மாவுக்கு நேர்ந்தது அதுவாக இருக்கலாம். சர்க்கரை நோய் உள்ளவர்கள் டெக்ஸாமெத்தசோன் பற்றி முன்கூட்டியே பேசிவிடுங்கள், அது சர்க்கரையை ஏற்றும். என் சொந்த அனுபவத்தை எழுத வந்தேன். குடலிறக்க அறுவை, ஒருமுறை குமட்டியது, வேறொன்றும் இல்லை.

இரண்டு பிள்ளைகளின் அம்மா
எனக்குச் சிசேரியனின்போது, முதுகில் ஊசி போட்ட சில நிமிடங்களில், குழந்தையை எடுப்பதற்கு முன்பே குமட்டியது. வாந்திக்கு ஊசி போடுங்கள் என்று கெஞ்சினேன். மருத்துவர் திரையைப் பார்த்துவிட்டு, ரத்த அழுத்தம் இறங்கியிருக்கிறது என்று சொல்லி அதை ஏற்றும் மருந்தைச் செலுத்தினார். அடுத்த நிமிடமே குமட்டல் நின்றது.