மறு: மாத்திரையில் சேரும் பிசின்: பிணைப்பியா, பிடிபொருளா?

அனைவருக்கும் வணக்கம்.

> 'பைண்டர்' என்பதற்குப் 'பிணைப்பி' என்றே வைத்துக்கொள்ளலாமே?

மாத்திரைத் தூளைச் சேர்த்து நிறுத்தும் பொருளான 'பைண்டர்' (binder) என்பதற்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் பேச்சில் வந்த இந்த யோசனையில் எனக்கு உடன்பாடில்லை. பிணைப்பு என்றதும் வேதியியல் படித்த யாருக்கும் வேதிப்பிணைப்புதான் நினைவுக்கு வரும். மாத்திரை செய்யும்போது நடப்பது வேறு. மருந்துத் தூளில் பிசின் கரைசலை விட்டுப் பிசைகிறார்கள். அந்த ஈர மாவைச் சல்லடையில் தேய்த்துக் குறுணையாக்கி, உலர்த்தி, அப்புறம் எந்திரத்தில் அழுத்துகிறார்கள். துகள்களின் மேல் படிந்த பிசின் காய்ந்து அவற்றைச் சேர்த்து நிறுத்துகிறது. மருந்தின் மூலக்கூறு மாறுவதில்லை, மாறவும் கூடாது. இப்படிப் பயன்படும் பிசின்களில் ஒன்றான அரபுப் பிசினில் (gum arabic) இயல்பாகவே ஆக்சிஜனேற்றும் நொதி ஒன்று உண்டு. சில மருந்துகளை அது கெடுத்துவிடும் என்பதால் கரைசலைச் சூடாக்கி நொதியைச் செயலிழக்க வைப்பதுண்டு.

லட்டு செய்கையில் "உருண்டை பிடிக்க வருதா?" என்று கேட்போமே, அந்தப் பிடித்தல்தான் இங்கும். எனவே என் பரிந்துரை: பிடிபொருள். எரிபொருள் போல வினைத்தொகை. சிறிய சொல், விளக்கம் தேவைப்படாது.

இதன் எதிர்வேலையைச் செய்யும் பொருளுக்கும் இப்போதே பெயர் வைத்துவிடுவது நல்லது. வயிற்றில் நீர் பட்டதும் உப்பி மாத்திரையை உடைக்கும் பொருள் அது. மேற்பூச்சு இல்லாத சாதாரண மாத்திரை 15 நிமிடத்துக்குள் உடைய வேண்டும் என்பது இந்திய மருந்துநூலின் (Indian Pharmacopoeia) பொது அளவு. 'பிரிபொருள்' என்று வைக்க ஆசைதான். ஆனால் பிடிபொருளுக்கும் அதற்கும் ஓர் எழுத்துதான் வித்தியாசம். மருந்துக் கலவைக் குறிப்பில் அந்த அச்சுப்பிழை நேரவே கூடாது. உடைபொருள் என்றால் குழப்பமில்லை.

அடுத்து, 'கம்' (gum) என்பதற்கான சொல். பிசின் என்ற சொல் அருமையானது. ஆனால் 'அயனிப் பரிமாற்றப் பிசின்' என்று ரெசினுக்கும் (resin) அதையே எழுதிவருகிறோம். இரண்டும் நேரெதிர். முருங்கைப் பிசினையும் வேப்பம் பிசினையும் நீரில் போட்டால் ஊறும் அல்லது கரையும். ரெசின் வகையான குங்கிலியம் நீரில் கரையாது, சாராயத்தில் ஓரளவு கரையும். மாத்திரைக்கு உதவுவது முதல் வகை. பிசினை அதற்கே விட்டுவிட்டு, ரெசினை ரெசின் என்றே எழுதலாம் என்பது என் கருத்து.

கொத்தவரை, புளியங்கொட்டை இரண்டிலும் மரத்திலிருந்து எதுவும் வடிவதில்லை, விதையை அரைத்து எடுக்கிறார்கள். அவற்றை விதைப்பிசின் என்றும், வடிவதை மரப்பிசின் என்றும் பிரிக்கலாம். அரபுப் பிசினைக் 'கருவேலம் பிசின்' என்று பெயர்ப்பதையும் நிறுத்த வேண்டும். அது பெரும்பாலும் சூடானிலிருந்து வருவது. மரம் நம் கருவேலத்துக்கு உறவுதான், ஆனால் வேறு இனம்.

ஒன்று பாக்கி. மாத்திரைகளை உருளையில் 100 சுற்று சுற்றி, எடையிழப்பு 1 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை இருக்கிறதே, அதில் அளக்கும் பண்பை (friability) 'உதிர்மை' என்று எழுதிவருகிறேன். இதைவிடப் பொருத்தமான சொல் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள்.

அன்புடன்