100 போதுமா, 300 வேண்டுமா? திருச்சியில் தனி வீட்டுக்கு பிராட்பேண்ட்

மாடிவீடு:
திருச்சி கே.கே. நகர் பக்கம், கீழ்த்தளமும் முதல் மாடியும் சேர்த்து 1,600 சதுர அடி. பகலில் இரண்டு பேர் வீட்டிலிருந்து வேலை (ஜூம், ஆபீஸ் நெட்வொர்க்குக்கு விபிஎன்). மாலையில் ஒரு 4கே டிவி, இரண்டு மொபைல். நாலு கேமரா சிசிடிவி உண்டு, வெளியூரிலிருந்தும் பார்க்க வேண்டும். தெருவில் கிடைப்பவை மூன்று: பெரிய கம்பெனி ஃபைபர் 100 எம்பிபிஎஸ், ஓடிடியோடு; ஏரியா கேபிள்காரரின் ஃபைபர் 300, ஏறக்குறைய அதே விலை, ஆனால் ஆறு மாதம் முன்பணம்; 5ஜி ஏர்ஃபைபர் (டவரிலிருந்து ஒயரில்லாமல் வரும் நெட்). கரண்ட் அடிக்கடி போகும். எதை எடுக்கலாம்?

ஒளியிழை:
முதலில் கணக்கு. ஜூம் குழுக் கூட்டம் 1080பி-யில் ஓடினாலும் ஒருவருக்கு அப்லோட் 3.8, டவுன்லோட் 3 எம்பிபிஎஸ்தான். 4கே படத்துக்கு நெட்ஃபிளிக்ஸ் கேட்பது 15. மொபைலுக்கு ஐந்தைந்து வைத்தாலும், எல்லாம் ஒரே நேரத்தில் ஓடினாலும் 35-ஐத் தாண்டாது. 100 தாராளம். 300-இன் பலன் பெரிய ஃபைல் இறக்கும்போதுதான் தெரியும்: 100-இல் நொடிக்கு 12.5 மெகாபைட் (எட்டு பிட் ஒரு பைட்), 300-இல் 37.5 மெகாபைட்.

கேட்க வேண்டியது அப்லோட். இரண்டு பேரும் கூட்டத்தில் இருக்கும்போது அதுதான் முதலில் திணறும். டவுன்லோடுக்குச் சமமாகத் தருகிறார்களா என்று வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்குங்கள். கேமரா பதிவு என்விஆர்-இல் (கேமரா ரெக்கார்டர் பெட்டி) வீட்டுக்குள்ளேயே நடப்பதால் நெட்டைத் தொடாது. வெளியூரிலிருந்து திறந்தால்தான் அப்லோட் போகும். மெயின் ஸ்ட்ரீம் (முழுத் தெளிவுப் படம்) கேமராவுக்கு 4 எம்பிபிஎஸ் என்று செட் செய்திருந்தால் நாலுக்கும் 16. ஆப்பில் சப் ஸ்ட்ரீமுக்கு (தெளிவு குறைந்த படம்) மாற்றினால் மொத்தமும் 2 அளவில் அடங்கும்.

அன்லிமிடெட் என்றாலும் ஒரு எல்லை இருக்கும். ஜியோ, ஏர்டெல் ஃபைபரில் மாதம் 3,300 ஜிபி. 4கே மணிக்கு 7 ஜிபி என்றால் 470 மணி நேரம். உங்கள் வீட்டில் அது தீராது. கேபிள்காரரிடம் அந்த எண்ணையும், தாண்டினால் வேகம் எவ்வளவுக்கு இறங்கும் என்பதையும் கேளுங்கள். விளம்பர விலையில் 18 சதவீத ஜிஎஸ்டி பெரும்பாலும் சேர்ந்திராது. 799 என்றால் கட்டுவது 943.

கம்பத்தடி:
வேகத்தை விடுங்க, கம்பத்திலிருந்து வீட்டுக்குள்ள என்ன ஒயர் வருதுன்னு பாருங்க. "ஃபைபர்"னு சொல்லிட்டு கம்பத்துப் பெட்டி வரைக்கும் ஃபைபர், அங்க ஒரு ஸ்விட்ச், அதுலேருந்து லேன் கேபிள்னு இழுத்திருப்பாங்க. தெருவுல கரண்ட் போனா அந்த ஸ்விட்ச் செத்துடும். உங்க வீட்டு யூபிஎஸ் ஒண்ணும் பண்ணாது. இடி இறங்கினா லேன் போர்ட்டும் போகும். மெல்லிசான ஃபைபர் நேரா உள்ள வந்து, பச்சைத் தலை கனெக்டரோட ஓஎன்டி-யில (வீட்டுக்குள்ள வைக்கிற ஃபைபர் பெட்டி) சேர்ந்தா அது ஜிபான், அதாவது வீடு வரைக்கும் ஃபைபர். வழியில ஒளியைப் பல வீட்டுக்குப் பிரிக்குற ஸ்ப்ளிட்டருக்குக் கரண்டே வேணாம். ஆனா கேபிள்காரர் ஆபீஸ்ல இருக்குற ஓஎல்டி-க்கு (எல்லா ஃபைபரும் போய்ச் சேர்ற மெயின் பெட்டி) எத்தனை மணி நேரம் பேக்கப்னு கேளுங்க.

கனெக்ஷன் குடுத்ததும் பவர் மீட்டர் வெச்சு அளக்கச் சொல்லுங்க, இல்லன்னா ஓஎன்டி-யோட செட்டிங்ஸ் பக்கத்துல ஆர்எக்ஸ் பவர் (உள்ள வர்ற ஒளியோட அளவு) பாருங்க. மைனஸ் 18 முதல் 24 டிபிஎம்-க்குள்ள இருந்தா நிம்மதி. மைனஸ் 27 ஓஎன்டி தாங்குற கடைசி விளிம்பு. இன்னைக்கு ஓடும், ஜாயின்ட்ல கொஞ்சம் தண்ணி இறங்கினா எல்ஓஎஸ் லைட் (ஒளி வரலன்னு காட்டுறது) சிவப்பாயிடும். பச்சைத் தலையை நீலத் தலை சாக்கெட்டுல சொருகுறது, சுவர் மூலையில ஃபைபரை மடக்கி ஆணி அடிக்கிறது, இந்த ரெண்டுலயும் நாலஞ்சு டிபி சும்மா போகும்.

ஆறு மாசப் பணத்தை முதல்லயே குடுக்காதீங்க. ஒரு ஜிபான் போர்ட்டுல 2.5 ஜிபிபிஎஸ், அதை 32 வீடோ 64 வீடோ பங்கு போடுது. அவர் வெளியிலேருந்து வாங்குற பேண்ட்வித் அதைவிடக் குறைவா இருக்கலாம். அதே தெருவுல அவர் கனெக்ஷன் வெச்சிருக்குற வீட்டுல ராத்திரி ஒன்பது மணிக்கு டெஸ்ட் போடுங்க. காலையில போட்டா எல்லாமே 300 காட்டும்.

மாடிவீடு:
நன்றி. சிசிடிவிக்கு ஸ்டாட்டிக் ஐபி (மாறாத இணைய முகவரி) வாங்கச் சொல்கிறார்கள், தேவையா? ஓஎன்டி-யைக் கீழே வரவேற்பறையில் வைத்தால் மாடிக்கு வைஃபை வருமா?

நாலுஜோடி:
உங்கள் என்விஆர்-இல் க்யூஆர் கோடு ஸ்கேன் செய்யும் பி2பி ஆப் இருந்தால் ஸ்டாட்டிக் ஐபி வேண்டாம். பழைய டிவிஆர், போர்ட் ஃபார்வர்டிங்தான் (வெளியிலிருந்து நேராக உள்ளே வர ரவுட்டரில் வழி திறப்பது) வழி என்றால் மட்டும் தேவை. ரவுட்டரில் வேன் ஐபி (கம்பெனி உங்கள் லைனுக்குத் தரும் முகவரி) 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் தொடங்கினால் அது சிஜிநாட், அதாவது ஒரே வெளி முகவரியைப் பல வீடுகள் பங்கு போடுவது. உள்ளே என்ன போர்ட் திறந்தாலும் வெளியிலிருந்து வர முடியாது.

மாடிக்கு வைஃபை வரும், ஆனால் கான்கிரீட் தளத்தைத் தாண்டி 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டும் உருப்படியாக வரும். பக்கத்து வீட்டு ரவுட்டர்களின் நெரிசலில் 20, 30 எம்பிபிஎஸ் கிடைத்தால் அதிகம். 5 கிகாஹெர்ட்ஸ் தளத்தைக் கடந்தால் நொண்டும். ரிப்பீட்டர் வாங்காதீர்கள், ஒரே ரேடியோ வாங்கிக் கொடுக்கும்போது வேகம் பாதியாகும். ஓஎன்டி-யிலிருந்து மாடிக்கு ஒரு கேட்6 கேபிள் இழுத்து, மேலே இன்னொரு ரவுட்டரை ஆக்சஸ் பாயின்ட் மோடில் (கேபிளில் வருவதை வைஃபையாக மட்டும் கொடுப்பது) போடுங்கள். கேபிள் முனையில் பிளக் கிரிம்ப் செய்யும்போது எட்டு ஒயரும் சேர வேண்டும். நாலு ஒயர் மட்டும் அடித்தால் 100-இல் நின்றுவிடும். ஓஎன்டி-யின் லேன் போர்ட் ஜிகாபிட்டா என்றும் பாருங்கள். இலவசமாகத் தரும் சில பெட்டிகளில் 100 எம்பிபிஎஸ் போர்ட்தான். அதில் 300 பேக்கேஜ் போட்டு ஒயரில் சோதித்தால் 94, 95 காட்டும், லைனைத் திட்டிப் பயனில்லை.

ஒளியிழை:
ஏர்ஃபைபர் பற்றி யாரும் சொல்லவில்லை. ஃபைபர் வராத தெருவுக்கு நல்ல மாற்று, உங்களுக்கு அல்ல. டவரின் திறன் மொபைல்காரர்களோடு பங்கு. மாலையில் பிங் (பதில் வர ஆகும் நேரம்) ஏறி இறங்கும், விபிஎன் அதைத்தான் தாங்காது. டேட்டா எல்லையும் பொதுவாக 1,000 ஜிபி.

பவருக்கு: அடாப்டரில் 12 வோல்ட், 1.5 ஆம்பியர் போல எழுதியிருக்கும். அதே வோல்ட், அந்த ஆம்பியர் அல்லது கூடுதல் தரும் மினி யூபிஎஸ் போதும். இன்வெர்ட்டர் இருந்தால் பின்பக்க ஸ்விட்ச் யூபிஎஸ் மோடில் இருக்கட்டும். நார்மலில் கரண்ட் மாறும் நொடியில் ரவுட்டர் ரீஸ்டார்ட் ஆகலாம். வோல்டேஜ் குறையும் தெருவென்றால் யூபிஎஸ் மோடில் பேட்டரி அடிக்கடி இறங்கும், அதனால் அங்கே மினி யூபிஎஸ்தான் சரி.

கம்பத்தடி:
ஓடிடி சேர்ந்த பேக்கேஜுக்கும் சேராததுக்கும் எவ்வளவு வித்தியாசம்னு போடுங்க. அதுல ரெண்டு ஆப்பாவது நீங்க ஏற்கெனவே காசு கட்டிப் பாக்குறதா இல்லன்னா சேராததையே எடுங்க. பெரிய கம்பெனி 100, மாசா மாசம் கட்டுறது, அதுல ஆரம்பிங்க. லைன் போனா லைன்மேனுக்கு மட்டும் போன் போடாம கஸ்டமர் கேர்ல பதிஞ்சு டாக்கெட் நம்பர் (புகார் எண்) வாங்குங்க. சரி பண்ணலன்னா அந்தக் கம்பெனியோட மேல்முறையீட்டுப் பிரிவுக்குப் போறப்ப அந்த நம்பரைத்தான் முதல்ல கேப்பாங்க.