மறு: எக்ஸ்பாட், மைக்ரண்ட் – இரண்டு சொல் வேண்டுமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

பிற நாட்டில் வாழ்பவரைக் குறிக்கும் இரண்டு ஆங்கிலச் சொற்களில் எக்ஸ்பாட்டுக்கு (expat) 'அயல்வாழுநர்', மைக்ரண்டுக்குப் (migrant) 'புலம்பெயர் தொழிலாளர்' என்று நம் குழுமத்தில் போன வாரம் ஏறக்குறைய முடிவாகிவிட்டது. மானிடவியல் பாடத்துக்குப் போகிற கலைச்சொல் பட்டியல் என்பதால் என் மறுப்பை இப்போதே சொல்லிவிடுகிறேன். 'அயல்வாழுநர்' காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. எங்கள் ஊர் ஆட்கள்மேல் ஒட்டிப் பார்த்தால் நிற்கவில்லை.

பிரெஞ்சு அதிபர் தேர்தல் நாளில் புதுச்சேரி வாக்குச்சாவடி வாசலுக்கு வந்து பாருங்கள். வேட்டியும் சேலையுமாக வரிசை நிற்கும். 1962 ஆகஸ்ட் 16இல் புதுச்சேரி பிரான்சிடமிருந்து இந்தியாவுக்கு மாறியது சட்டப்படி நிறைவேறிய பிறகு பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்கள், பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்று ஊர்வாயில் 'சொல்தா' ஆனவர்களின் பிள்ளைகள். பலர் பிறந்ததும் வாழ்வதும் இங்கேதான். ஆனால் பாரிஸ் கணக்கில் அவர்கள் வெளிநாட்டில் வாழும் பிரெஞ்சுக்காரர்கள். தன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பவரை எப்படி 'அயல்வாழுநர்' என்று எழுதுவது?

அடுத்து என் சித்தப்பா மகன். பரங்கிப்பேட்டைப் பக்கம். பத்தாவது தேறவில்லை. 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி அப்படிப்பட்டவர்கள் வளைகுடா உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் முன் அனுமதி வேண்டும். ஏஜெண்டுகளிடம் ஏமாறாமல் காப்பதற்கான ஏற்பாடு அது. அதன் நோக்கத்தை நான் குறை சொல்லவில்லை. குவைத்தில் இறங்கிய அன்றே கம்பெனி அவன் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டது. சித்தப்பா இறந்த செய்தி போய் நாலாம் நாள்தான் அது கைக்கு வந்தது. அவன் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. சவம் போன வழியில் இறைத்த பூ தெருவோரம் கருகிக் கிடந்ததைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றான்.

குவைத் ஆங்கிலப் பத்திரிகையில் அவனும் எக்ஸ்பாட்தான். வெளிநாட்டிலிருந்து வந்த எல்லாருக்கும் அங்கே அந்தச் சொல்தான். புதுச்சேரியில் மாடி வாடகைக்கு எடுத்துத் தங்கும் ஐரோப்பியரும் எக்ஸ்பாட். ஐரோப்பாவிலோ அவனைப் போன்றவர் மைக்ரண்ட். யார், எங்கிருந்து, யாரைப் பார்த்துப் பேசுகிறார் என்பதைப் பொறுத்துப் பெயர் மாறுகிறது. அந்த மாற்றத்தைக் கவனிப்பதுதான் ஆய்வாளரின் வேலை. நாமே இரண்டு கலைச்சொல்லாகப் பிரித்து அச்சடித்துக் கொடுத்துவிட்டால், படிக்கிற பிள்ளைக்கு அது இயற்கையான பிரிவாகவே தோன்றும்.

எனவே இருவருக்கும் 'புலம்பெயர்ந்தோர்' போதும். அகதி வாடை அடிக்கிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்தில் வந்து கலந்து வாழ்ந்த பிறநாட்டாரைப் 'புலம்பெயர் மாக்கள்' என்கிறது. வணிகம் கொழித்த துறைமுகத்தின் பெருமையாகச் சொல்லப்பட்டவர்கள் அவர்கள். அந்தச் சொல்லில் தாழ்வு எதுவும் இல்லை. எக்ஸ்பாட் என்பதை, மக்கள் தங்களுக்கோ பிறருக்கோ இடும் பெயராக மேற்கோள் குறிக்குள் அப்படியே எழுதலாம். சொல்தாவையும், வெளிநாடு போய்ப் பிழைப்பவரைக் கரையோர முஸ்லிம் குடும்பங்கள் சொல்லும் சபுராளியையும் அப்படித்தானே எழுதுவோம்?

சரி, பட்டியலின் அடுத்த சொல்லுக்கு, ஓர் ஆள் இடம்விட்டு இடம் போவதைக் குறிக்கும் மொபிலிட்டிக்கு (mobility) வருகிறேன். 'நகர்வு' என்ற முன்மொழிவில் எனக்கு ஒரு குறை. அதில் திரும்பி வருவது இல்லை. வெளிநாட்டு வேலை என்று யார் வந்து சொன்னாலும் என் அம்மா சம்பளத்தைக் கேட்பதற்கு முன் கேட்பது, "நெனச்சா போக வர முடியுமா?" என்பதைத்தான். சித்தப்பா மகனுக்கு இல்லாமல் போனது அதுதான். ஆகவே என் பரிந்துரை 'போக்குவரவு'. புதிதாகச் செய்ய வேண்டியதில்லை. 'போக்கும் வரவும்' என்று திருவாசகத்திலேயே இணைந்து வருகிறது. போக்குவரத்தோடு குழம்பும் என்பீர்கள். அது பஸ், லாரிக்கு நிலைத்துவிட்டது. இது ஆளின் இயலுமை. எழுதிப் பார்த்தேன்: 'ஆய்வாளரின் போக்குவரவும் அவர் பேட்டி காணும் தொழிலாளியின் போக்குவரவும் ஒன்றல்ல.' 'போக்குவரவு ஏற்றத்தாழ்வு குடியுரிமையை மட்டும் பொறுத்ததல்ல, படிப்பையும் பொறுத்தது.' தடங்கல் இல்லாமல் ஓடுகிறது.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. மானிடவியலாளர்கள் நீனா கிளிக் ஷில்லரும் நோயல் சலசாரும் 2013இல் எழுதிய கட்டுரையில், சிலருடைய பயணத்தை இயல்பாக்கி வேறு சிலருடையதைத் தடுக்கும் அதிகார அமைப்புகளை 'ரெஜீம்ஸ் ஆஃப் மொபிலிட்டி' என்கிறார்கள். 'போக்குவரவு ஆட்சி' என்றால் ஆர்.டி.ஓ. அலுவலகம் போல இருக்கிறது. 'போக்குவரவு ஒழுங்கு' என்றால் அதிலுள்ள அதிகாரம் காணாமல் போகிறது. இதற்கு யாராவது வழி சொல்லுங்கள். அதுவரை பட்டியலை அச்சுக்கு அனுப்ப வேண்டாம்.