அமெரிக்க முன்னாள் படைவீரர் நீதிமன்றம்: தளத்தில் இருக்கிற தீர்ப்பெல்லாம் ‘வெளியிடப்பட்ட’ தீர்ப்பா?

ஏட்டுச்சுவடி:
வாஷிங்டனில் இருக்கும் முன்னாள் படைவீரர் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் தீர்ப்புகளைத் தொகுத்து ஒரு தரவுத்தளம் தயாராகிறது. மூன்று இடத்தில் இடிக்கிறது. நீதிமன்றத் தளத்தில் இருக்கும் பெரும்பாலான தீர்ப்புகளுக்குத் தொகுதி எண், பக்க எண் இல்லை. முடிந்துபோன சில வழக்குகளுக்குத் தீர்ப்பே காணோம். அப்புறம், மருத்துவ விவரமெல்லாம் வீரரின் பெயரோடு அப்படியே இருக்கிறது. பெயரை நீக்கித்தான் போட வேண்டுமா?

மூவர் அமர்வு:
தளத்தில் ஏறுவது வேறு, சட்டப்படி ‘வெளியாவது’ வேறு. முதல் பக்கத்தைப் பாருங்கள். “விதி 30(ஏ)-இன்படி இதை முன்னுதாரணமாகக் காட்டக் கூடாது” என்று ஒரு வரி இருந்தால் அது தனி நீதிபதியின் மெமோரண்டம், அதாவது முன்னுதாரணமாகாத தீர்ப்பு. புது சட்டக் கேள்வி எழாத, எளிய வழக்குகளைத் தனி நீதிபதியே முடிக்கலாம் என்று 1990-இல் பிராங்கல் வழக்கில் வகுத்துக்கொண்டார்கள். இவற்றுக்குத் தொகுதி எண் வராது, தேடி அலைய வேண்டாம். வழக்கு எண்ணும் தேதியும் போதும்.

சில நீதிபதிகள் சேர்ந்த அமர்வோ, எல்லா நீதிபதிகளும் சேர்ந்த முழு அமர்வோ தரும் முன்னுதாரணத் தீர்ப்புகள்தான் அச்சுத் தொகுதிக்குப் போகும். ‘கில்பர்ட் எதிர் டெர்வின்ஸ்கி, 1 வெட். ஆப். 49 (1990)’ என்றால் ‘வெட். ஆப்.’ என்ற அந்த அச்சுத் தொகுப்பில் முதல் தொகுதி, 49ஆம் பக்கம். மெமோரண்டத்தை அடியோடு ஒதுக்கிவிடாதீர்கள். அந்தக் கேள்விக்குத் தெளிவான முன்னுதாரணம் இல்லை என்று சொல்லி, காரணமும் விளக்கினால், அதன் தர்க்கத்தை எடுத்துக்காட்ட அதே விதி இடம் தருகிறது.

கோப்புக்கட்டு:
காணாமல் போனவற்றில் நிறைய, இரு தரப்பும் சேர்ந்து ‘வாரியத்துக்கே (இந்த நீதிமன்றத்துக்கு முன் வழக்கை முடிவுசெய்த மேல்முறையீட்டு வாரியம்) திருப்பி அனுப்புங்கள்’ என்று மனுக் கொடுத்தவை. நீதிமன்ற எழுத்தரின் ஒரு சிறு உத்தரவோடு கதை முடிந்துவிடும். காரணமெல்லாம் மனுவில் இருக்கும், உத்தரவில் இருக்காது. பிறகு வாரியம் தரும் புது முடிவில் அதன் சாரம் பெரும்பாலும் கிடைக்கும். ஆனால் வாரிய முடிவுகள் பெயர் நீக்கித்தான் இணையத்தில் வருகின்றன, அதனால் பெயரை வைத்து இரண்டையும் கோக்க முடியாது.

இன்னொரு பொறி: வழக்கு எண்ணுக்குப் பின்னால் (E) இருந்தால் அது வழக்கறிஞர் கட்டண மனு. தனி வழக்காக எண்ணிவிடாதீர்கள். எதிர்த்தரப்புப் பெயரை வைத்து வகைப்படுத்துவதும் வீண். எல்லா வழக்கிலும் எதிர்த்தரப்பு முன்னாள் படைவீரர் துறைச் செயலர்தான். டெர்வின்ஸ்கி, பிரவுன், பிரின்சிபி, ஷின்செகி என்று ஆள் மாறமாறப் பெயரும் மாறும்.

ஏட்டுச்சுவடி:
நன்றி. பெயர் விஷயம்?

மூவர் அமர்வு:
அமெரிக்கச் சட்டத் தொகுப்பின் 38ஆம் தலைப்பில் 7268ஆம் பிரிவு: தீர்ப்பும் ஆவணங்களும் பொதுப் பதிவு, ஆனால் ரகசியம் காக்க நீதிமன்றம் நடவடிக்கை எடுக்கலாம். பொதுப் பார்வைக்கு மூடி முத்திரையிடக் கோருவது விதி 48. அப்படி மூடப்பட்டதன் பழைய நகல் கையில் இருந்தால் ஏற்றாதீர்கள். மற்றவற்றில் பெயரை அழித்தால் மேற்கோளே குலைந்துவிடும், வழக்கின் பெயரே அதுதானே. தீர்ப்பில் பெயர் இருக்கட்டும், வெளித் தேடுபொறிகள் அந்தப் பக்கங்களை அட்டவணையிடாதபடி தடுத்துவிடுங்கள்.

கோப்புக்கட்டு:
தரவுத்தளத்தில், தீர்ப்பு இன்னும் நிற்கிறதா என்று காட்ட, ‘நிலை’ என்று ஒரு நெடுவரிசையும் வையுங்கள். தீர்ப்பு வந்து 21 நாளுக்குள் மறுபரிசீலனை கேட்கலாம். பழையதைத் திரும்பப் பெற்றுப் புதுத் தீர்ப்பு தருவதும் உண்டு. இறுதி உத்தரவுக்குப் பின் மேல் நீதிமன்றமான பெடரல் சர்க்யூட்டுக்குப் போக 60 நாள். அதற்காக அதுவரை ஏற்றாமல் காத்திருக்க வேண்டாம். அமர்வின் தீர்ப்பு வெளிவந்த நாளிலிருந்தே கட்டுப்படுத்தும் என்று 1991-இல் டோப்ளர் வழக்கிலேயே சொல்லிவிட்டார்கள்.