பேச்சுப் போட்டி: பென்னிகுயிக் சொத்தை விற்று அணை கட்டினார் என்பதற்கு ஆதாரம் எங்கே கிடைக்கும்?

கேள்வி – தமிழாசிரியை, தேனி மாவட்டம்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மாணவி ஒருத்தி, முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பொறியாளர் ஜான் பென்னிகுயிக்கைப் பற்றி ஐந்து நிமிடம் பேசவிருக்கிறாள். கட்டும்போதே வெள்ளம் அணையை அடித்துச் சென்றது, அரசு கைவிரித்தது, அவர் இங்கிலாந்துக்குப் போய்த் தம் சொத்தை விற்றுப் பணம் கொண்டுவந்து அணையை முடித்தார் என்பதுதான் உரையின் உச்சக்கட்டம். அந்த இடம் வரும்போது அவள் குரலே மாறிவிடும்.

இம்முறை ஒவ்வொரு செய்திக்கும் ஆதாரம் கேட்பார்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். இணையத்தில் தேடினால் நூறு பக்கங்கள் வருகின்றன. ஒன்றில் வீட்டை விற்றார் என்றும், இன்னொன்றில் மனைவியின் நகைகளை விற்றார் என்றும், வேறொன்றில் பண்ணையை விற்றார் என்றும் இருக்கிறது. எதிலும் மூலநூலின் பெயர் இல்லை. எங்கே தேடுவது? கிடைக்காவிட்டால் அந்த இடத்தில் எதை வைப்பது?

பதில் – ஓய்வுபெற்ற நூலகர், மதுரை

அம்மா, நூறு பக்கங்கள் ஒரே செய்தியைச் சொன்னாலும், அவை ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதப்பட்டிருந்தால், கணக்கில் அவை ஒரே ஆதாரம்தான். வீடு, நகை, பண்ணை என்று விவரம் மாறிக்கொண்டே போவது, அச்செய்தி வாய்வழியாக வளர்ந்தது என்பதற்கான முதல் அடையாளம்.

மூலத்துக்குப் போக மூன்று வழிகள் உண்டு. அணைப் பணியில் இருந்த பொறியாளர் ஏ.டி. மெக்கன்சி எழுதிய பெரியாறு திட்ட வரலாறு 1899இல் மதராஸ் அரசு அச்சகத்தில் வெளிவந்தது. பென்னிகுயிக்கே இத்திட்டத்தைப் பற்றி எழுதிய கட்டுரை, லண்டனில் உள்ள சிவில் பொறியாளர் கழகத்தின் 1897ஆம் ஆண்டு நடவடிக்கைத் தொகுதியில் இருக்கிறது. மூன்றாவது, டபிள்யூ. பிரான்சிஸ் எழுதி 1906இல் வெளியான மதுரை மாவட்ட கெசட்டியர், அதாவது மாவட்ட விவரத் தொகுப்பு நூல். அதைத்தான் முதலில் படிக்கச் சொல்வேன். பாசனத்தைப் பற்றிய பகுதியில் திட்டத்தின் கதை முழுவதும் சில பக்கங்களுக்குள் அடங்கியிருக்கிறது. உங்கள் மாணவி உங்கள் துணையுடன் படித்துவிடலாம்.

இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் தேடும்போது இன்றைய ஆங்கில எழுத்துக்கூட்டலை இட்டால் பல நேரம் ஒன்றும் வராது. அக்காலத்தில் மதுரையை 'மதுரா' என்றும் அணை இருக்கும் கேரளப் பகுதியை 'டிராவன்கோர்' என்றும் அச்சிட்டார்கள். அணையின் பெயரில் 'முல்லை' இருக்காது, 'பெரியார் புராஜெக்ட்' என்றே இருக்கும். மேலும், பழைய தாள்களை ஸ்கேன் செய்த கோப்புகளில் எழுத்துகள் பிழையாகப் பதிவாகியிருப்பதால், தேடுபெட்டியை நம்பாமல் பொருளடக்கத்தைப் பார்த்து நேரே அந்தப் பக்கத்துக்குப் போங்கள். அச்சுப்படி வேண்டுமானால் எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் கன்னிமாரா நூலகமும் இருக்கின்றன.

உங்கள் கேள்விக்கு நேரான விடை இது: சொத்தை விற்றதற்கான பத்திரத்தையோ, கடிதத்தையோ, கணக்கையோ இதுவரை எவரும் வெளியிட்டு நான் கண்டதில்லை. பெரியாறு திட்டம் மதராஸ் மாகாண அரசின் பொதுப்பணித் துறை செய்த பணி.

பதில் – பாசனப் பிரிவில் பணியாற்றிய பொறியாளர்

நூலகர் ஐயா சொன்னதை அப்படியே ஏற்கிறேன். அந்த இடத்தில் எதை வைப்பது என்பதற்கு மட்டும் என் விடையைச் சொல்கிறேன்.

மேற்கே அரபிக்கடலுக்கு ஓடும் ஆற்றை மறித்து, மலையைக் குடைந்து, கிழக்கே வைகைக்குத் திருப்பிய வேலை அது. குடைந்த சுரங்கத்தின் நீளம் ஏறக்குறைய 5,700 அடி, அதாவது ஒரு மைலுக்கும் அதிகம். அணையின் நீளம் 1,200 அடி. அடித்தளத்திலிருந்து உயரம் 176 அடி. சிமென்ட் இல்லை, சுண்ணாம்பும் செங்கல் பொடியான சுர்க்கியும் கலந்த காரைதான். 1887இல் தொடங்கிய பணி 1895இல் முடிந்து, அவ்வாண்டு அக்டோபரில் ஆளுநர் வென்லாக் பிரபு திறந்துவைத்தார். நடுக்காட்டில் மலேரியாவும் காலராவும் தொழிலாளர்களைத் தொடர்ந்து பலிகொண்டன. கட்டிய பகுதிகளை வெள்ளம் அடித்துச் சென்றதும் உண்மைதான்; ஆகவே உங்கள் மாணவி அந்த வெள்ளத்தை விடவேண்டியதில்லை. வெள்ளத்துக்குப் பிறகு மீண்டும் கல்லையும் சுண்ணாம்பையும் சுமந்து ஆற்றில் இறங்கியவர்கள் பெயரே பதிவாகாத தொழிலாளர்கள். உரையின் உச்சக்கட்டத்தை அவர்களுக்குக் கொடுங்கள். பென்னிகுயிக்கின் பெருமை அதனால் துளியும் குறையாது.

இதற்கு முன்கதையும் உண்டு. இராமநாதபுரம் சேதுபதியின் பிரதானியான, அதாவது அமைச்சரான, முத்திருளப்பப் பிள்ளை 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இந்த எண்ணத்துடன் ஆளனுப்பி மலையைப் பார்க்கச் செய்தார். 1808இல் கேப்டன் கால்டுவெல், இது நடவாத கனவு என்று அறிக்கை கொடுத்தார். 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும்பஞ்சத்துக்குப் பிறகே அரசு இதை உறுதியாகக் கையிலெடுத்தது. நடவாத கனவு என்று அரசுத் தாளில் எழுதப்பட்ட ஒன்றை ஒருவர் நடத்திக் காட்டினார் என்பதைவிட வேறென்ன உச்சக்கட்டம் வேண்டும்?

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. ஒரு தயக்கம் மட்டும் இருக்கிறது. எங்கள் பக்கத்து ஊர்களில் பொங்கலன்று அவர் படத்துக்கு மாலையிட்டுப் பொங்கல் வைக்கிறார்கள். பிள்ளைகளுக்கு அவர் பெயரையே சூட்டியிருக்கிறார்கள். மாணவியின் தாத்தா இருபோகம் நெல் விளைவிப்பவர். சொத்து விற்ற கதையை அவளுக்குச் சொன்னதே அவர்தான். அது பொய் என்று அந்தப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது?

பதில் – ஓய்வுபெற்ற நூலகர், மதுரை

பொய் என்று சொல்லத் தேவையில்லை அம்மா. 'அவர் சொத்தை விற்றார்' என்பது ஆவணம் கேட்கும் கூற்று. 'அவர் தம் சொத்தை விற்று அணை கட்டியதாக எங்கள் ஊரில் சொல்கிறார்கள்' என்பதற்குத் தாத்தாவே சாட்சி. இரண்டாவதைத் தாராளமாகச் சொல்லலாம். தாத்தாவிடம் இன்னும் கேட்கச் சொல்லுங்கள்: கதையை அவர் யாரிடம் கேட்டார், எந்த வயதில் கேட்டார், தண்ணீர் திறக்காத ஆண்டில் நாற்றங்காலை என்ன செய்தார்கள் என்றெல்லாம் அவள் குறித்துக்கொண்டால், வேறு எந்த மாணவரிடமும் இல்லாத சான்று அவள் கையில் இருக்கும். கம்பம் பள்ளத்தாக்கின் இருபோகப் பரப்பு 14,707 ஏக்கர் என்பதைத் தண்ணீர் திறக்கும்போது வரும் அறிவிப்புகளில் சரிபார்த்து, அருகில் வைக்கட்டும்.

பதில் – பொறியாளர்

இதில் ஐயாவுடன் சிறிது மாறுபடுகிறேன். ஐந்து நிமிட உரையில் 'சொல்கிறார்கள்' என்ற ஒரு சொல் கேட்பவர் காதில் நிற்காது. சொத்தை விற்றார் என்பதே நிற்கும். நான் அந்த வரியை எடுத்துவிட்டுத் தாத்தாவின் வயலை மட்டும் வைத்துக்கொள்வேன். நீர்மட்டத்தைப் பற்றி நடுவர் கேட்டால், 142 அடி வரை தேக்கலாம் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது என்பதோடு நிறுத்திக்கொள்ளட்டும்.

கேள்வி கேட்டவர்

கதையை எடுத்துவிட்டோம், அது அவளே எடுத்த முடிவு. அணைக்கான நிலக் குத்தகையைப் பற்றிப் புதிதாக அவள் எழுதிய வரி இது: '1886ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் திருவிதாங்கூர் மன்னர் விசாகம் திருநாள் 999 ஆண்டுக் குத்தகையில் கையெழுத்திட்டார்.' பல பக்கங்களில் இப்படித்தான் இருக்கிறது. சரிதானா?

பதில் – ஓய்வுபெற்ற நூலகர், மதுரை

நாளும் 999 ஆண்டும் சரி. மன்னரைப் பாருங்கள்: விசாகம் திருநாள் 1885 ஆகஸ்டிலேயே காலமாகிவிட்டார், குத்தகை நடந்தபோது ஆட்சியில் இருந்தவர் மூலம் திருநாள். கையெழுத்திட்டவர்களோ மன்னர்கள் அல்லர். திருவிதாங்கூர் சார்பில் திவான் ராமய்யங்காரும், பிரிட்டிஷ் தரப்பில் அவர்களுடைய அரசப் பிரதிநிதியான ரெசிடென்ட் ஹானிங்டனும் கையெழுத்திட்டார்கள். ஆண்டு வரும் இடத்திலெல்லாம், அந்த ஆண்டில் அந்த மனிதர் உயிரோடும் பதவியிலும் இருந்தாரா என்று பார்க்கச் சொல்லுங்கள். முத்திருளப்பப் பிள்ளைக்கும் இதே கவனம் வேண்டும். சிலர் 1789 என்றும் சிலர் 1798 என்றும் எழுதுகிறார்கள். எனவே, பொறியாளர் எழுதியதைப் போல நூற்றாண்டின் இறுதி என்று சொன்னால் போதும். குறிப்பட்டையில் ஒவ்வொரு வரிக்கும் எதிரே நூலின் பெயரும் பக்க எண்ணும் இருக்கட்டும். நடுவர் கேட்டால் எடுத்துக் காட்டிவிடலாம்.